மரத்தில் நாமே செய்த பேஸ் கிட்டார்: கோளாறு எங்கே, கை வைப்பது எங்கே

மரம் அறுத்து, ஒட்டி, உப்புத்தாள் போட்டு, கம்பி மாட்டி முதல் தடவை மீட்டும்போது எந்த பேஸும் ஒழுங்காகப் பேசாது. ஒரு கம்பி கரகரக்கும், இன்னொன்று சுருதி சேராது, ஆம்பில் செருகினால் உறுமும். பயப்பட வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை ஒரு ஆலன் கீ, ஒரு திருப்புளியோடு தீர்ந்துவிடும். காரணம் தெரியாமல் அரத்தைக் கையில் எடுப்பதுதான் ஆபத்து. அராவிய ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) மறுபடி வளராது.

இங்கே தரும் அளவுகள் 4 கம்பி, 34 அங்குல (863.6 மி.மீ.) ஸ்கேல், பாடியோடு திருகாணியால் பூட்டும் கழுத்து, பி வகைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும், இரு பாதிகளாகப் பிரிந்த காந்தச் சுருள்), பேட்டரி இல்லாத சர்க்யூட் கொண்ட பேஸுக்கு. ஸ்கேல் என்பது நட் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை) முதல் பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் உலோகத் தகடு) வரை கம்பி அதிரும் நீளம். 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸிலிருந்து வழிவழியாக வரும் ஸ்கேல் இது. அதனால் கடையில் கிடைக்கும் கம்பி, பிரிட்ஜ் எல்லாம் பெரும்பாலும் இதற்கே பொருந்தும். கம்பிகளின் கனம் .045, .065, .085, .105 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இந்த நான்கும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 80 கிலோ இழுவையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு மூலம் இந்த இழுவைதான்.

கையில் இருக்க வேண்டியவை: டிரஸ் ராடுக்குப் (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் இரும்புத் தண்டு) பொருந்தும் ஆலன் கீ, 6 அங்குல இரும்பு ஸ்கேல், ட்யூனர், மல்டிமீட்டர், 40 வாட் சால்டரிங் அயர்ன், ஃபீலர் கேஜ். டூவீலர் மெக்கானிக்குகள் டேப்பெட் செட் செய்ய வைத்திருக்கும் அதே ஃபீலர் கேஜ் போதும், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும்.

## எதையும் தொடுவதற்கு முன் ஒரு அளவு

ஈ, ஏ, டி, ஜி என்று முழுச் சுருதி சேர்த்த பிறகு, ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டில் கேபோ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுக்கொண்டால் ஒரு கை மிச்சம். இப்போது கம்பியே ஒரு மட்டக்கோல். 7, 8ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கழுத்து வளைவு என்று கீழே சொல்வதெல்லாம் இந்த அளவைத்தான். பேஸை மீட்டும் நிலையில் பிடித்துக்கொண்டு அளந்து பாருங்கள், மேசையில் மல்லாத்தி வைத்தால் கழுத்தின் எடையே அளவை மாற்றிவிடும்.

சரிசெய்யும் வரிசை மாறவே கூடாது: சுருதி, கழுத்து வளைவு, நட், கம்பி உயரம், 12ஆம் ஃப்ரெட் சுருதி, பிக்கப் உயரம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சுருதி சேர்த்து, மறுபடி அளக்க வேண்டும். கரகரப்பு வந்ததும் சேடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்னத் துண்டு) ஏற்றுவது, பிறகு கம்பி உயரம் என்று டிரஸ் ராடை முறுக்குவது, மறுபடி கரகரப்பு என்று சேடிலை ஏற்றுவது: இந்தச் சுழலில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

## கம்பி கரகரக்கிறது

எந்த இடத்தில் கரகரக்கிறது என்பதே பாதி விடை. ஆம்பில் செருகாமல், ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக மீட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

### அழுத்தாத கம்பி மட்டும் கரகரக்கிறது, முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் நின்றுவிடுகிறது

கோளாறு நட்டில். முதலில் ட்யூனர் தண்டில் சுற்று போதுமா என்று பாருங்கள். இரண்டரை, மூன்று சுற்று, மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். கீழே இறங்காத கம்பி நட்டை அழுத்தாது. தலைப்பகுதி சாய்வில்லாமல் தட்டையாக வெட்டப்பட்ட பேஸில் ஜி, டி கம்பிகளைத் தாழப் பிடிக்க ஒரு கொக்கியைத் திருகி மாட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து, நட்டின் பள்ளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பள்ளத்தின் உச்சி ஃப்ரெட் பலகையின் பக்கம் இருந்து, ட்யூனர் பக்கம் சரிய வேண்டும். தலைகீழாக அராவியிருந்தால் கம்பி பள்ளத்தின் உள்ளே பட்டும் படாமலும் அதிர்ந்து, தம்புராவில் ஜீவா வைத்தது போல ரீங்காரமிடும். தம்புராவுக்கு அது அழகு, பேஸுக்குக் கோளாறு. ஊசி அரத்தால் சாய்வை மட்டும் திருப்புங்கள், ஆழத்தைத் தொடாதீர்கள்.

பள்ளமே ஆழமாகிவிட்டதா என்பதற்குச் சோதனை எளிது. 2ஆம், 3ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்திவிட்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பியைத் தட்டிப் பாருங்கள். மிக மெல்லிய இடைவெளி, ஒரு தாள் நுழையும் அளவாவது, இருக்க வேண்டும். கம்பி அசையாமல் ஃப்ரெட்டிலேயே உட்கார்ந்திருந்தால் பள்ளம் ஆழம். எலும்பு நட் என்றால் அதே எலும்புத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி, ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, காய்ந்த பிறகு மறுபடி அராவலாம். சில மாதம் தாங்கும். நிரந்தரத் தீர்வு புது நட்.

### 1 முதல் 5ஆம் ஃப்ரெட் வரை கரகரப்பு, மேலே சுத்தம்

கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கிறது, அல்லது மட்டமாக நிற்கிறது. அளவு 0.2 மி.மீ.க்குக் கீழே இருக்கும். டிரஸ் ராடை இடஞ்சுழியாகக் கால் சுற்று தளர்த்துங்கள். சுருதி சேர்த்து அளந்து, போதவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று. ஒரே நாளில் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் வேண்டாம், மரம் நிலைக்கு வர ஓர் இரவு கொடுங்கள்.

### நடுவில் கம்பி உயரம், 12க்கு மேல் கரகரப்பு

வளைவு 0.5 மி.மீ.க்கு மேல் போயிருக்கும். டிரஸ் ராடை வலஞ்சுழியாகக் கால் கால் சுற்றாக இறுக்குங்கள். வளைவு சரியான பிறகும் 15க்கு மேல் மட்டும் கரகரத்தால் கம்பி உயரத்தைப் பாருங்கள். 17ஆம் ஃப்ரெட்டின் மேல் ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. நல்ல தொடக்கம். சேடிலை 1 மி.மீ. ஏற்றினால் 12ஆம் ஃப்ரெட்டில் அரை மி.மீ.தான் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

உயரமும் சரி, இன்னும் கடைசி நாலைந்து ஃப்ரெட்டுகள் மட்டும் கரகரக்கின்றன என்றால், கழுத்தின் அடிப்பகுதி மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது. கழுத்துக் குழியில் அரைகுறை நீளத்துக்குத் தக்கை வைத்த பேஸ்களில் இது வரும். தக்கையை எடுத்துவிட்டு, குழியின் முழு நீளத்துக்கும் ஆப்பு வடிவில் இழைத்த மெல்லிய மரச்சீவலை வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்தக் கடைசி ஃப்ரெட்டுகளை அராவித் தாழ்த்த வேண்டும்.

### ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும்

கரகரக்கும் ஃப்ரெட்டைக் குறை சொல்லாதீர்கள். குற்றவாளி பெரும்பாலும் அதற்கு அடுத்த, பிரிட்ஜ் பக்கத்து ஃப்ரெட். நேரான விளிம்புள்ள சின்ன இரும்புத் துண்டை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிற்கும்படி வைத்து ஆட்டிப் பாருங்கள். நடு ஃப்ரெட் உயரமாக இருந்தால் துண்டு தராசு போல ஆடும். டிக், டிக் என்று கேட்கும். கழுத்தின் மூன்று நாலு இடங்களில், ஈ பக்கமும் ஜி பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் எழும்பியிருப்பது சகஜம்.

எழும்பிய ஃப்ரெட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறதா? அப்படியானால் அது தளர்ந்த ஃப்ரெட், அராவக் கூடாது. மெல்லிய சூப்பர் குளூவை ஓரத்தில் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி உட்காரவைத்து, ஒரு மரக்கட்டையோடு கிளாம்ப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். ஃப்ரெட் பள்ளத்தை ஆக்ஸா பிளேடால் அறுத்தவர்களுக்கு இது ஒன்றிரண்டோடு நிற்காது. ஃப்ரெட்டின் கால் 0.5 முதல் 0.6 மி.மீ. கனம், ஆக்ஸா பிளேடின் வெட்டு அதைவிட அகலம். மரம் கவ்வாது. எல்லா ஃப்ரெட்டையும் எடுத்து, பள்ளத்தில் அரால்டைட் பூசி மறுபடி இறக்குவதுதான் வழி.

அழுத்தினாலும் அசையாதது உண்மையிலேயே உயரமான ஃப்ரெட். அதன் உச்சியில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, மென்மையான அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு, மறுபடி ஆட்டிச் சோதனை. ஆட்டம் நின்றதும் நிறுத்திவிடுங்கள். தட்டையான உச்சியை மறுபடி உருட்டி, 400, 800, 1200 என்று உப்புத்தாள் போட்டு மெருகேற்றுங்கள்.

தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய கட்டம்: ஐந்தாறு ஃப்ரெட்டுகளுக்கு மேல் ஆடினால் ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். முழுக் கழுத்தையும் ஒரே மட்டமாகத் தேய்க்கும் வேலை அது. கிட்டார் பழுது பார்ப்பவரிடம் நேரான நீளக் கட்டையும் உருட்டும் அரமும் இருக்கும். தச்சரிடம் கொடுக்காதீர்கள். மரவேலையில் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஃப்ரெட் வேலை வேறு.

### எங்கே வாசித்தாலும் ஏதோ ஒன்று கடகடக்கிறது

ஃப்ரெட்டாக இருக்காது. ட்யூனரின் வாஷர், சேடிலின் குட்டித் திருகு, தளர்ந்த ஸ்பிரிங், பிக்கார்டின் (பாடியின் முகத்தை மூடும் தகடு) ஓரம் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து அழுத்திக்கொண்டு மீட்டுங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான். டிரஸ் ராட் முழுவதும் தளர்ந்திருந்தாலும் கழுத்துக்குள் கடகடக்கும். அதைக் கவ்வும் வரை லேசாக இறுக்கினால் போதும்.

## டிரஸ் ராடைத் திருகியும் கழுத்து அசையவில்லை

இருபக்கமும் வேலை செய்யும் ராடுகளுக்கு நடுவில் ஒரு செத்த பகுதி உண்டு. அரைச் சுற்று, சில சமயம் அதற்கு மேலும், எதிர்ப்பே இல்லாமல் திரும்பும். கவ்வும் வரை திருப்புங்கள், அங்கிருந்துதான் கணக்கு.

இறுக்க இறுக்க வளைவு கூடுகிறது என்றால் ராட் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இருபக்க ராட் என்றால் பிழைத்தீர்கள், எதிர்த் திசையில் திருப்பினால் வேலை செய்யும். ஒருபக்க ராட் என்றால் ஃப்ரெட் பலகையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கடுமையாக எதிர்க்கிறது, ஆனால் கழுத்து அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். கம்பிகளைத் தளர்த்தி, ஃப்ரெட் பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து, கழுத்தின் இரு முனைகளுக்கு அடியில் கட்டை கொடுத்து, நடுவில் கிளாம்ப் வைத்து லேசாகப் பின்னோக்கி வளைத்துக்கொண்டு, பிறகு இறுக்குங்கள். சுமையை கிளாம்ப் தாங்கும், திருகு இடத்தை மட்டும் பிடிக்கும். இதற்கும் மசியாவிட்டால், பலகை ஒட்டும்போது பசை வழிந்து ராடைப் பிடித்திருக்கலாம், அல்லது கழுத்து மெலிந்துபோயிருக்கலாம். முதல் ஃப்ரெட்டில் 20 மி.மீ., 12இல் 23 மி.மீ. கனத்துக்குக் கீழே செதுக்கிய தேக்குக் கழுத்து 80 கிலோ இழுவையைத் தாங்க ரொம்பவே சிரமப்படும். அங்கேயே நிறுத்தி, பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். முனை மழுங்கிய அல்லது அறுந்த ராடை எடுப்பது, புதுக் கழுத்து செய்வதைவிடக் கடினம்.

கழுத்தின் ஈ பக்கமும் ஜி பக்கமும் வளைவில் 0.2 மி.மீ. வரை வேறுபட்டால் கவலை இல்லை, தடித்த கம்பிக்கு அது உதவும். அதைவிட அதிகம் என்றால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கை டிரஸ் ராட் திருத்தாது. பலகையைச் சீவி ஃப்ரெட் மாற்றலாம், அல்லது புதுக் கழுத்து.

## சேடிலைக் கடைசி வரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருக்கிறது

வீட்டில் செய்த பேஸ்களுக்கே உரிய கோளாறு இது. வரைபடத்தில் சரியாக இருந்தது, கையில் வந்தபோது குழி 2 மி.மீ. ஆழம் குறைந்தோ கூடியோ போயிருக்கும்.

முதலில் கழுத்து குழியின் அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழியின் உள்ளே காய்ந்த பாலிஷ், மரத்தூள், திருகாணி துளையைச் சுற்றி எழும்பிய சிலும்பு ஆகியவை கழுத்தை முழுதாக உட்காரவிடாமல் சாய்த்துவிடும். உளியால் சுரண்டுங்கள். பாடியிலுள்ள நான்கு துளைகளிலும் திருகாணி கவ்வாமல் வழுக்கிப் போக வேண்டும், கவ்வ வேண்டியது கழுத்தில் மட்டும். இரண்டிலும் மரை பிடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் இடைவெளி நிற்கும். பாடித் துளையை 4.5 மி.மீ. ஆக்குங்கள். திருகாணிக்கு மெழுகு தேய்த்துக்கொண்டால் கடின மரத்திலும் தலை உடையாது.

உட்கார்ந்திருந்தும் உயரம் என்றால், கழுத்தின் சாய்வை மாற்ற வேண்டும். குழிக்குள் பிரிட்ஜ் பக்க முனையில் 0.5 மி.மீ. கனத்தில் சீவல் வைத்தால், பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 2 மி.மீ. வித்தியாசம் கிடைக்கும். முன்பு சொன்னது போல முழு நீள ஆப்புதான் உத்தமம். எதிர்க் கோளாறு, அதாவது சேடிலை உச்சி வரை ஏற்றியும் கம்பி ஃப்ரெட்டில் இடிக்கிறது என்றால், ஆப்பின் தடித்த பக்கம் தலை இருக்கும் திசையில் வர வேண்டும்.

1 மி.மீ.க்கு மேல் தக்கை கேட்டால் குழியையே திருத்துங்கள். ரவுட்டரும் அச்சுப்பலகையும் இல்லாமல் வெறும் உளியால் மட்டம் எடுக்க முயல வேண்டாம். இந்த வேலைக்குத் தச்சுப்பட்டறைக்குப் போவது சரியே, அளவை மட்டும் எழுதிக் கையில் கொடுங்கள்.

## சுருதி சேர்த்தும் மேலே போகப் போக அபஸ்வரம்

புதுக் கம்பி போட்டுவிட்டுத்தான் இந்தச் சோதனை. பழைய கம்பியில் அழுக்கும் தேய்மானமும் ஓரிடத்தில் ஒரு மாதிரி இருப்பதால் எந்த அளவும் நிலைக்காது. கம்பி மாட்டியதும் சேடிலுக்கு முன்னாலும் நட்டுக்கு முன்னாலும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தி நேராக்குங்கள். தடித்த கம்பி அங்கே வில் போல வளைந்து நிற்கும். வளைவு இருக்கும்வரை சுருதி பொய் சொல்லும்.

12ஆம் ஃப்ரெட்டின் நேர் மேலே விரல் தொட்டெடுக்கும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னால். ஈ கம்பியின் சேடில் ஜி கம்பியைவிட 4 முதல் 6 மி.மீ. பின்னால் நிற்பது இயல்பு.

சேடில் போக இடமில்லையா? திருகிலுள்ள ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் சில மி.மீ. கிடைக்கும். அதுவும் போதாதென்றால் பிரிட்ஜ் தப்பான இடத்தில் இருக்கிறது. நட்டின் முகத்திலிருந்து 863.6 மி.மீ. அளந்து, ஜி சேடில் அங்கே வரும்படி பிரிட்ஜை நகர்த்த வேண்டும். பழைய துளைகளில் அதே மரத்தின் குச்சியைப் பசையோடு அடித்து, ஒரு நாள் காயவிட்டு, புதுத் துளை போடுங்கள். பக்கத்திலேயே பழைய துளை இருக்கும்போது அதை அடைக்காமல் துளைத்தால் டிரில் அதற்குள் சரியும்.

12 சரி, ஆனால் முதல் மூன்று ஃப்ரெட்டுகள் ஏறி ஒலிக்கின்றன: நட்டின் பள்ளம் உயரம். கம்பியை அழுத்தும் தூரம் அதிகமாவதால் சுருதி ஏறுகிறது. பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்துங்கள், ஐந்து இழுப்புக்கு ஒருமுறை அளந்தபடி.

12 சரி, 5, 7, 9 என்று ஆங்காங்கே விலகல்: ஃப்ரெட் பள்ளங்களை அளக்க வேண்டிய நேரம். எப்போதும் நட்டின் முகத்திலிருந்தே அளக்கவும். ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு அளந்தால் ஒவ்வொரு பிசகும் கூடிக்கொண்டே போகும்.

முதல் ஃப்ரெட் 48.5 மி.மீ.
3ஆம் ஃப்ரெட் 137.4
5ஆம் ஃப்ரெட் 216.6
7ஆம் ஃப்ரெட் 287.2
9ஆம் ஃப்ரெட் 350.1
12ஆம் ஃப்ரெட் 431.8
17ஆம் ஃப்ரெட் 540.1
20ஆம் ஃப்ரெட் 591.6

அரை மி.மீ. விலகலை 12ஆம் ஃப்ரெட்டில் காது அநேகமாகக் கண்டுபிடிக்காது. எல்லா அளவும் ஒரே மாதிரி 1 மி.மீ. கூடியிருந்தால் ஃப்ரெட்டுகள் குற்றமற்றவை, நட்தான் 1 மி.மீ. பின்னால் நிற்கிறது. நட்டை எடுத்து, பலகையின் முனையை அந்த 1 மி.மீ. சீவி, மறுபடி ஒட்டுங்கள். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால், வரைபடத்தை அச்செடுக்கும்போது தாளுக்குப் பொருந்தும்படி பிரிண்டர் சுருக்கியிருக்கிறது. இதைப் பிரிட்ஜை முன்னால் கொண்டுவந்து சரிக்கட்டலாம். 12ஆம் ஃப்ரெட் 420 மி.மீ.யில் இருந்தால் உங்கள் ஸ்கேல் 840 மி.மீ., அவ்வளவுதான். பேஸ் நன்றாகவே ஒலிக்கும். விலகல் முறையில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் ஃப்ரெட் பலகையை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

## சுருதி நிற்கவில்லை

புதுக் கம்பியைக் கையால் மெல்ல இழுத்து இழுத்து, சுருதி இறங்காமல் நிற்கும் வரை நாலைந்து முறை சேருங்கள். சுருதி ஏற்றும்போது நட்டில் 'டிக்' என்று சத்தம் வந்தால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது. பென்சில் முனையின் கருந்தூளைத் தேயுங்கள், போதாவிட்டால் பள்ளத்தைக் கம்பியின் கனத்துக்கு அகலப்படுத்துங்கள். பிறகு ட்யூனர் திருகுகள், கழுத்தின் நான்கு திருகாணிகள் இறுக்கமா என்று பாருங்கள். கம்பியை ட்யூனரில் மாட்டும்போது நல்ல செங்கோணமாக மடித்த பிறகே வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் மேற்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, சுருதியும் நிற்காது, ஓசையும் செத்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து, காலையில் ஒரு சுருதி மாலையில் ஒரு சுருதி என்றால் மரம் இன்னும் காயவில்லை. கழுத்துக்கான மரத்தில் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானி இல்லாதவர்கள் அடுத்த கழுத்துக்கான பலகையை வாரம் ஒருமுறை தராசில் வைத்து, எடை குறைவது நின்ற பிறகு அறுக்கலாம். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வளைவும் சித்திரை வெயிலில் ஒரு வளைவும் காய்ந்த மரத்துக்கும் வரும். ஆண்டுக்கு இரண்டு முறை கால் சுற்று டிரஸ் ராட் வேலை இயல்பு.

## ஆம்பில் செருகினால் உறுமுகிறது

முதலில் வேறு கேபிள், பிறகு வேறு ஆம்ப். அதற்கு அப்புறம்தான் பேஸைத் திறக்க வேண்டும். வால்யூமை முழுதும் வைத்து, உலோகப் பிரிட்ஜைக் கையால் தொடுங்கள்.

தொட்டால் உறுமல் குறைகிறது: எர்த் ஒயர் சரி, வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக மறைப்பு போதவில்லை. பிக்கப் குழி, கன்ட்ரோல் குழி இரண்டுக்கும் செப்புத் தாள் ஒட்டுங்கள். துண்டுக்குத் துண்டு மல்டிமீட்டர் வைத்து 1 ஓமுக்குள் இருக்கிறதா பாருங்கள். பசை மின்சாரம் கடத்தாத வகை என்றால் விளிம்புகளில் ஒரு பொட்டு ஈயம் வைத்து இணைக்க வேண்டும். சமையலறை அலுமினியத் தாளில் சாதாரண ஈயம் ஒட்டாது, திருகு போட்டு ஒயரைக் கவ்வவைக்க வேண்டும். ஜாக் குழியில் தாள், செருகிய பிளக்கின் நுனியைத் தொட்டால் சத்தமே வராது, அங்கே இன்சுலேஷன் டேப் அவசியம்.

தொட்டாலும் மாற்றமில்லை: பிரிட்ஜின் அடியில் வர வேண்டிய எர்த் ஒயர் இல்லை, அல்லது பாலிஷுக்கு மேல் உட்கார்ந்து உலோகத்தைத் தொடவில்லை. பிரிட்ஜுக்கும் ஜாக்கின் உடல் முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் ஓரிரு ஓம் காட்ட வேண்டும்.

தொட்டால் உறுமல் கூடுகிறது: ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. நுனிக்கு சிக்னல், உடலுக்கு எர்த்.

பேஸைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் உறுமல் கூடிக் குறைகிறது: பக்கத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின், ஆம்பின் காந்தப்புலம். செப்புத் தாள் இதற்கு உதவாது. பி வகைப் பிக்கப்பின் இரு பாதிகளும் ஒன்றின் உறுமலை மற்றொன்று அழிக்கும்படி இணைக்கப்பட வேண்டும். ஒரு பாதியின் இரண்டு ஒயர்களையும் மாற்றிப் பற்றவைத்துப் பாருங்கள்.

கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, அல்லது மைக்கில் வாய் படும்போது சுரீர் என்கிறது: உடனே கேபிளைப் பிடுங்குங்கள். இது பேஸின் கோளாறு அல்ல. பிளக் பாயின்டின் எர்த்தோ ஆம்போ கெட்டிருக்கிறது, 230 வோல்ட் உங்கள் விரல் வரை வரக்கூடும். எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சோதிக்கும்வரை அங்கே வாசிக்க வேண்டாம். உறுமலைக் குறைக்க மூன்றாவது பின்னை வெட்டிவிடச் சொல்பவர் பேச்சை ஒருபோதும் கேட்காதீர்கள்.

## சத்தமே இல்லை, அல்லது மிக மெலிது

கேபிளைப் பேஸில் செருகி, மறுமுனையின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். வால்யூமும் டோனும் முழுதும் திறந்திருக்கட்டும். பி வகைப் பிக்கப் என்றால் 10 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் வால்யூம் பாட் (குமிழின் அடியிலுள்ள மாறு மின்தடை) மட்டும் தெரிகிறது, பிக்கப் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யம் என்றால் எங்கோ சிக்னல் எர்த்தைத் தொடுகிறது. பாட்டின் பின்புறம் தொடும் உரித்த ஒயரையும் செப்புத் தாளையும் பாருங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஜாக்கிலோ கேபிளிலோ இணைப்பு அறுந்திருக்கிறது. வால்யூம், ஜாக் எல்லாம் கழற்றியும் பிக்கப்பின் இரு முனைகளும் நேரடியாக ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே முடி போன்ற செம்புக்கம்பி அறுந்திருக்கும். அது பிக்கப் சுற்றுபவரின் வேலை.

டோனைக் குறைத்தால் மொத்தச் சத்தமும் அமுங்கிப்போகிறதா? கெப்பாசிட்டரின் மேல் 473 (0.047 மைக்ரோஃபாரட்) இருக்க வேண்டிய இடத்தில் 474 வந்திருக்கிறது, பத்து மடங்கு. வால்யூம் முதல் கொஞ்சத்திலேயே முழுதும் ஏறிவிடுகிறதா? பி250கே என்ற நேர்கோட்டு பாட் போட்டிருக்கிறீர்கள், ஏ250கே வாங்குங்கள்.

ஒரு கம்பி மட்டும் மெலிது: நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை இரு ஓரமும் நூல் பிடித்துப் பாருங்கள். கம்பி பிக்கப்பின் காந்தங்களுக்கு மேல் ஓடவில்லை என்றால், கழுத்துத் திருகாணிகளை அரைச் சுற்று தளர்த்தி, கழுத்தைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளி மறுபடி இறுக்குங்கள். பெரும்பாலும் அதிலேயே நேராகிவிடும். பிறகு பிக்கப் உயரம்: கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் காந்தத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஈ பக்கம் 2.5 முதல் 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. அதைவிட நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து, சுரம் தள்ளாடும்.

## ஜி கம்பியில் ஓரிடத்தில் சுரம் சட்டென்று அடங்கிவிடுகிறது

5க்கும் 7க்கும் நடுவே என்றால், விலையுயர்ந்த கடை பேஸ்களிலும் இருப்பதுதான். அந்தச் சுரத்தில் கழுத்தும் சேர்ந்து அதிர்ந்து, கம்பியின் சக்தியைக் குடித்துவிடுகிறது. தலைப்பகுதியில் துணி சுற்றி ஒரு சின்ன கிளாம்ப் மாட்டி வாசித்துப் பாருங்கள். அடங்கும் இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகர்ந்தால், எடை கூடிய ட்யூனரோ தலைக்குப் பின்னால் சின்னப் பித்தளைத் தகடோ உதவும். முழுதாக ஒழிக்க முடியாது. இதற்காகக் கழுத்தை மறுபடி செதுக்கப் புறப்படாதீர்கள், அதே சுரத்தை டி கம்பியில் ஐந்து ஃப்ரெட் மேலே எடுத்து வாசிக்கலாம்.

## தோளில் மாட்டினால் தலை கீழே சரிகிறது

முதலில் உள்பக்கம் சொரசொரப்பான தோல் வைத்த அகலப் பட்டை. அடுத்து, மேல் கொம்பிலுள்ள பட்டைப் பொத்தான் 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். கொம்பு குட்டையாக வெட்டியிருந்தால் ட்யூனர்களை இலேசான வகைக்கு மாற்றுங்கள். தலைப்பகுதியில் குறையும் 100 கிராம், பாடியில் கூட்டும் எடையைவிடப் பல மடங்கு வேலை செய்யும்.

## ஃப்ரெட் முனை கையைக் கிழிக்கிறது, பலகையின் ஓரம் பிரிகிறது

வெயில் காலத்தில் பலகை சுருங்க, ஃப்ரெட்டின் முனை வெளியே நீட்டுகிறது. மழைக் காலத்தில் அராவாதீர்கள். நன்றாகக் காய்ந்த மாதத்தில், கழுத்தின் ஓரத்துக்கு டேப் ஒட்டிவிட்டு, தட்டையான அரத்தால் மரத்துக்குச் சமமாக்கி, முனையின் கூர்மையை உருட்டுங்கள்.

பலகையே ஓரத்தில் பிரிந்திருந்தால் ஒட்டும் முன் மரத்தின் எண்ணெயைத் துடைக்கவில்லை என்று பொருள். தேக்கிலும் ஈட்டி மரத்திலும் இது அடிக்கடி நடக்கும். கம்பிகளைக் கழற்றி, பிளவுக்குள் மெல்லிய தகட்டால் அசிட்டோன் தடவித் துடைத்து, ஆவியானவுடன் அரால்டைட்டைச் செலுத்தி, நீளக் கட்டை வைத்து ஒரு நாள் முழுக்க கிளாம்ப் போடுங்கள். டிரஸ் ராட் பள்ளத்துக்குள் பசை போகாதபடி கொஞ்சமாகவே விடுங்கள். பிளவு பலகையின் பாதி அகலம் வரை போயிருந்தால் சூடுகாட்டி முழுதும் பிரித்துத்தான் மறுபடி ஒட்ட வேண்டும். அதை ஏற்கனவே செய்த கை உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.